சூலகத்தின் உள்ளே நடக்கும் வேலை

செர்டாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் உடல்நலம் குறித்துப் பேசி முடித்தபின், அம்மையார் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, மருமகளுக்கு மூன்று நான்கு மாதத்திற்கு ஒரு முறைதான் மாதவிலக்கு வருகிறது. கல்யாணமாகி நான்கு வருடம். எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வது?" என்றார். கோயிலுக்குச் செல்வதை நான் தடுக்கவில்லை. போகும் வழியில் கிளினிக்கிலும் இறங்குமாறு கேட்டுக்கொண்டேன்.

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பையின் இரு பக்கமும் சூலகங்கள் உள்ளன. சினைப்பை என்றும் சொல்வர். கருமுட்டையை வளர்ப்பதோடு, கொழுப்புப் பொருளாகிய கொலஸ்ட்ராலிலிருந்து ஸ்டீராய்டு ஹார்மோன்களையும் அவை செய்கின்றன. முட்டையைச் சூழ்ந்த வெளியடுக்கு உயிரணுக்கள் முதலில் ஆண்தன்மை ஹார்மோனை உண்டாக்கும். அதனை உள்ளடுக்கு உயிரணுக்கள் பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். மரத்தில் எடுத்த பால் ஆலைக்குப் போய்த்தானே ஷீட்டாகிறது? இங்கு ஆலை வேலையைச் செய்யும் நொதியின் பெயர் அரோமடேஸ்.

ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. ஆயினும் எல்லா உறுப்பும் அதற்கு ஒரே அளவில் பணிவதில்லை. பெரட்டு மணி அனைவர் காதிலும் விழுந்தாலும், பெயர் பதிந்தவர்கள்தாமே வரிசையில் நிற்கிறார்கள்! அவ்வாறே, ஏற்பி என்னும் புரதம் உள்ள உயிரணுக்களே அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் 1950களின் பிற்பகுதியில் இதனைக் கண்டறிந்தார். மூளையிலும் இவ்வேற்பிகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் போதுமென்று அவை உணர்ந்தால், முட்டையை வளர்க்கும் கட்டளையை மூளை குறைத்துக்கொள்ளும்.

சில பெண்களுக்கு ஆண்தன்மை ஹார்மோன் மிகுந்து, முட்டைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. இதனையே மக்கள் நீர்க்கட்டி என்கின்றனர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. அவை புற்றுக்கட்டிகள் அல்ல, நின்றுபோன முட்டைப்பைகளே. பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இக்குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியது. அப்பெண் செய்த குற்றம் இதில் ஏதுமில்லை.

மருத்துவம் இரு வழிகளில் மூளையை எழுப்புகிறது. குளோமிஃபீன் மாத்திரை மூளையின் ஏற்பிகளை அடைத்துக்கொள்ளும். லெட்ரோசோல் மாத்திரையோ அரோமடேஸ் நொதியையே சிறிது காலம் நிறுத்திவைக்கும். இரண்டிலும் மூளை, "ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது" என்றெண்ணி முட்டையை வளர்க்கும் கட்டளையைக் கூட்டும். 2014-இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் ஒப்பிட்டபோது, லெட்ரோசோல் உண்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேரும், குளோமிஃபீன் உண்டோரில் 19 பேரும் குழந்தை பெற்றனர். லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கும் தரப்படுவதால், "இது புற்றுநோய் மருந்தல்லவா?" என்று சிலர் திகைப்பதுண்டு. அதே மருந்துதான், இங்கு ஐந்து நாள் அளவிலேயே தரப்படுகிறது. கருவுற்றிருந்தால் உண்ணலாகாது. எனவே கடையில் தாமே வாங்குதல் தவறு.

மாத்திரை பலிக்காவிட்டாலும் வழி உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்னத்தின் குழு 1983-இலேயே சிங்கப்பூரில் சோதனைக் குழாய் முறையில் குழந்தை பிறக்கச் செய்தது.

அந்த அம்மையாரிடம் இன்னொன்றும் சொன்னேன்: "கிளினிக்கிற்கு மருமகளை மட்டும் அனுப்பாதீர்கள் அம்மா, மகனையும் அனுப்புங்கள். அவருக்கும் பரிசோதனை உண்டு." சற்று யோசித்துவிட்டு, "அவன் வேலைக்கு லீவு போடமாட்டானே" என்றார்.