முகம் ஒருவர், காசு வேறொருவர்!

குட்டீஸ், திருப்பரங்குன்றத்திலிருந்து மதுரைக்குப் போனால் வைகை வரும். அந்த ஆற்று மணலில் ரோமானியரின் சிறிய செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. முத்து வாங்க வந்த நாட்டாரின் காசு!

ரோமானியக் காசில் இருக்கும் முகத்தை மட்டும் பார்த்து அதன் காலத்தைச் சொல்லிவிட முடியாது. ஏன் தெரியுமா? மறைந்த பேரரசரைப் போற்ற, பின்னால் வந்தவர் அவர் முகத்தைக் காசில் பொறிப்பது உண்டு. அகஸ்டஸ் இறந்தது கி.பி. 14-ல். ஏறத்தாழ 66 ஆண்டுகளுக்குப் பின், பேரரசர் டைட்டஸ் வெண்கலக் காசு அடித்தார். முன்பக்கம் அகஸ்டஸ் முகம். பின்பக்கம் டைட்டஸ் பெயர். கூடவே 'ரெஸ்ட்' என்ற எழுத்துகள். 'மீட்டளித்தார்' என்று பொருள்.

அந்தச் சின்ன எழுத்துகள்தான் உண்மையைச் சொல்கின்றன. ஆகவே, பழங்காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும்! அப்படியே ஆசிரியரிடம் காட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். செய்வீர்கள்தானே?