புதிய அடுப்பும் பழைய வயரும்

2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, சிலிண்டருக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அக்காலத்தில் பல வீடுகளின் குசினிக்குள் மின்னடுப்பு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டிலும் உம்மா ஓர் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினார். இப்படி அடுப்பை மாற்றும்போது விலையை விசாரிக்கிறோம், மின்கட்டணம் கூடுமா என்று கேட்கிறோம். சுவருக்குள் இருக்கும் வயர் அதைத் தாங்குமா என்று மட்டும் கேட்பதில்லை. விஞ்ஞானப் பாடத்தில் நாம் படிக்கும் ஒரு சிறிய கணக்கே அதற்கு விடை தருகிறது.

வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது வலு. எமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. ஆகவே, ஒரு சாதனத்தின் உவாற்று அளவை 230ஆல் வகுத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் அம்பியரில் கிடைக்கும். எங்கள் குசினிச் சாதனங்களின் அடியில் குறிக்கப்பட்டிருந்த அளவுகளைக் கொண்டு நான் கணக்கிட்டேன்:

இண்டக்ஷன் அடுப்பு: 2000 உவாற்று, 8.7 அம்பியர்
மின்கேத்தல்: 1500 உவாற்று, 6.5 அம்பியர்
ரைஸ் குக்கர்: 700 உவாற்று, 3 அம்பியர்

காலையில் மூன்றும் ஒன்றாக இயங்கினால் ஏறத்தாழ 18 அம்பியர்.

இனி, இவற்றை எங்கே செருகுகிறோம் என்று பார்ப்போம். பழைய வீடுகளில் உள்ள சிறிய வட்டக்கால் குதை 5 அம்பியருக்கு உரியது. அதாவது 1150 உவாற்றுக்கு மேல் அது தாங்காது. அடப்டர் ஒன்றைப் பொருத்தினால் பெரிய செருகியும் அதில் நுழைந்துவிடும். ஆனால் செருகி நுழைந்துவிட்டது என்பதற்காக வயர் தடித்துவிடாது. மூன்று சாதனங்களையும் ஒரே 13 அம்பியர் மல்டி பிளக்கில் கொடுப்பதும் இதே தவறுதான்.

மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். அந்த வெப்பத்தில் வயரின் உறை மெல்ல மெல்லக் கருகும். சுவருக்குள் நடப்பதால் அது எமது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதைத் தடுப்பதற்காகவே மின்விநியோகப் பெட்டியில் சிறுசுற்றுடைப்பான்கள் உள்ளன. அவை காப்பது வயரை. அடிக்கடி விழுகிறதே என்று சலித்து, 20 அம்பியர் சுற்றுடைப்பானைக் கழற்றிவிட்டு 32 அம்பியர் ஒன்றைப் போடுவது, எச்சரிக்கும் வாயைப் பொத்துவது போன்றது. 'ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே' என்று சிலர் ஆறுதல் கொள்வர். அது மின்கசிவு ஏற்பட்டால் துண்டித்து எம்மை அதிர்ச்சியிலிருந்து காப்பது. சுமை கூடியதை அது அறியாது.

நான்கு அடுப்புகளும் ஓவனும் சேர்ந்த பெரிய மின்குக்கர் வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண வீட்டுக்குரிய 30 அம்பியர் இணைப்பு தரக்கூடியது மொத்தம் 6900 உவாற்றே. அத்தகைய குக்கர் ஒன்று தனியாகவே அந்த அளவை எட்டிவிடலாம். அதற்குப் பெட்டியிலிருந்து தடித்த வயரில் தனிச் சுற்று தேவை. சில வேளைகளில் வீட்டு இணைப்பையே மாற்ற நேரிடும்.

எனவே, வாங்குவதற்கு முன் உவாற்று அளவைப் பார்த்து 230ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மின்னடுப்பைப் புவித்தொடுப்புள்ள 13 அம்பியர் குதையில் நேரடியாகச் செருகுங்கள். அதே சுற்றில் கேத்தலையும் அடுப்பையும் ஒன்றாக இயக்காமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துங்கள். குதை சூடானாலோ, நிறம் மாறினாலோ, பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தாலோ உடனே நிறுத்தி, தகுதிபெற்ற மின்னிணைப்பாளரை அழையுங்கள்.

இந்தக் கணக்கைச் செய்ய ஒரு பென்சிலும் ஐந்து நிமிடமும் போதும். மாணவிகளே, இன்றே உங்கள் குசினிக்குள் சென்று செய்து பாருங்கள். விடையை வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் காட்டுங்கள். பரீட்சைக்காக மட்டும் படித்த பாடம் ஒரு வீட்டையும் காக்கட்டும்.