வேர்ப்புழுவை மோப்பம் பிடித்து கொல்லும் குட்டிப் புழு! கோவையில் கிடைத்த 'எமன்'

கோவை: ஒரு கோடை மழை பெய்துவிட்டால் போதும். பொழுது சாயும் நேரத்தில் வேப்ப மரத்தை சுற்றி பழுப்பு வண்டுகள் ரீங்காரம் போட ஆரம்பித்துவிடும். பார்க்க சாதுவாக தெரியும் இந்த வண்டு மண்ணுக்குள் முட்டை இடும். அதில் இருந்து வருவதுதான் கரும்பு விவசாயிகளை கண்ணீர் விட வைக்கும் வெள்ளை வேர்ப்புழு.

அரிவாள் போல வளைந்து கிடக்கும் இந்த கொழுத்த புழு, வேரை கடித்து தின்றுவிடும். பச்சையாக நின்ற கரும்பு மஞ்சளாகி காயும். பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்துவிடும். மண்ணுக்குள் ஒளிந்திருப்பதால் மேலே மருந்து அடித்தும் பலன் இருக்காது. காசுதான் வீண்.

இந்த புழுவுக்கு ஒரு எமன் இருக்கிறது. அதுவும் ஒரு புழுதான். பெயர் நூற்புழு. நீளம் சுமார் அரை மில்லி மீட்டர். மண்ணில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது.

கோவை புழு

நூற்புழு என்றதும் விவசாயிகள் பயப்படுவார்கள். தக்காளி, வாழை வேர்களில் முடிச்சு போட்டு பயிரை கெடுப்பதும் நூற்புழுதான். ஆனால் அது வேறு ஜாதி, இது வேறு ஜாதி. இது பயிரை தொடாது. பூச்சியை மட்டும்தான் தேடிப் போகும்.

கோவை பகுதியில் கிடைத்த இப்படி ஒரு நூற்புழுவுக்கு 1992-ம் ஆண்டு 'ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா' என்று பெயர் வைத்தார்கள். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவன விஞ்ஞானிகள் கருணாகர், டேவிட் ஆகியோரும், அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் பாய்னரும் சேர்ந்து இதை உலகத்துக்கு அறிவித்தனர். இந்தியாவில் கிடைத்ததால் 'இண்டிகா'.

கண் கிடையாது, காது கிடையாது

கண்ணும் காதும் இல்லாத இந்த புழு இருட்டு மண்ணுக்குள் இரையை எப்படி கண்டுபிடிக்கிறது? எல்லாம் மோப்பம்தான்.

வேர்ப்புழு மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அந்த வாசனை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நூற்புழு நெளிந்து போகும். செடியும் காட்டிக் கொடுக்கும். மக்காச்சோளத்தின் வேரை புழு கடித்தால், வேரில் இருந்து ஒருவித வாசனை கிளம்பி நூற்புழுக்களை வரவழைக்கிறது என்று 2005-ம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது. திருடன் புகுந்த வீட்டுக்காரர் கூச்சல் போட்டு ஊரை கூட்டுவது மாதிரி!

எல்லா நூற்புழுவும் தேடி அலைவதில்லை. 'ஸ்டெய்னர்நிமா கார்ப்போகாப்சே' என்ற இனம் ஒரே இடத்தில் வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் பூச்சி வந்தால் உடம்பை வில்லாக வளைத்து எகிறி ஒட்டிக்கொள்ளும். கோவை புழு தேடிப் போகும் ரகம். ஆழத்தில் கிடக்கும் வேர்ப்புழுவுக்கு இதுதான் சரி.

சொந்தமாக நகர்ந்தால் ஒரு சில சென்டி மீட்டரில் இருந்து கொஞ்சம் கூடுதலாக போகும், அவ்வளவுதான். மழைத் தண்ணீர், பாசனத் தண்ணீர், நோய் பிடித்த பூச்சி, மண்புழு ஆகியவற்றில் 'ஓசி சவாரி' செய்துதான் தூரமாக பரவுகிறது.

2 நாளில் கதை முடிந்தது

வாய், ஆசனவாய், மூச்சுத் துளை என்று கிடைத்த வழியில் நூற்புழு உள்ளே நுழையும். வழி இல்லாவிட்டால் சிறு பல்லால் தோலை கிழித்தும் போகும். உள்ளே போனதும் தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை கக்கும். அதுதான் விஷம். பெரும்பாலும் 2 நாளில் பூச்சி காலி.

செத்த புழு செங்கல் நிறமாக மாறும். நல்ல இருட்டில் லேசாக ஒளிரவும் செய்யும். நூற்புழுக்கள் அதையே தின்று குட்டி போட்டு, சுமார் 2 வாரத்தில் லட்சக்கணக்கில் வெளியே வந்து அடுத்த இரையை தேடும்.

வேர்ப்புழுவும் லேசுப்பட்டது அல்ல. அதன் மூச்சுத் துளையில் சல்லடை மாதிரி மூடி இருக்கிறது. ஒட்டும் நூற்புழுக்களை காலால் தேய்த்து தள்ளிவிடும். அதனால் வேர்ப்புழு சின்னதாக இருக்கும்போதே நூற்புழுவை விடுவது நல்லது.

மத்தியானம் ஊற்றினால் வீண்

பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் கோவை இனத்தை தண்ணீரில் கரைக்கும் பவுடராக தயாரித்து, கம்பெனிகளுக்கு தொழில்நுட்பம் கொடுத்துள்ளது. ஆனால் இது உயிருள்ள சரக்கு. உபயோகிக்க தெரியாவிட்டால் போட்ட பணம் போச்சு.

வெயில் பட்டால் செத்துவிடும். அதனால் சாயந்திரம்தான் ஊற்ற வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் ஈரத்தில்தான் இதனால் நீந்த முடியும். காய்ந்த மண்ணில் ஒரு அடி கூட நகராது. நூற்புழுவை கொல்லும் குருணை மருந்தை அதே வயலில் போட்டால் நல்ல புழுவும் சேர்ந்து சாகும். பாக்கெட் வாங்கும்போது காலாவதி தேதியையும் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தப் புழு இரை கிடைக்கும் வரை எதுவும் சாப்பிடாது. உடம்பில் உள்ள கொழுப்பை வைத்தே காலம் தள்ளும். அது தீருவதற்குள் வேர்ப்புழு சிக்கினால் விவசாயிக்கு லாபம்.