தண்ணீர் சுமந்து வரும் பொருள்கள்

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள். நன்றாகக் கலக்குங்கள். உப்பு எங்கே போனது? கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் வாயில் வைத்தால் கரிக்கிறது. உப்பு காணாமல் போகவில்லை. நீரில் கரைந்து, நீருக்குள்ளேயே இருக்கிறது.

பல பொருள்களைக் கரைக்கும் தன்மை நீருக்கு உண்டு. இந்தத் தன்மையால் நமக்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு.

நீர் எதனால் ஆனது?

ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற இரண்டு வாயுக்கள் சேர்ந்தால் நீர். ஹைட்ரஜன் எரியக்கூடியது. ஆக்சிஜன் மற்றப் பொருள்கள் எரிய உதவுவது. இரண்டும் சேர்ந்து உண்டாகும் நீரோ தீயை அணைக்கிறது! பொருள்கள் ஒன்றோடொன்று சேரும்போது குணம் இப்படி மாறுவதுண்டு.

சுத்தமான நீருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. அப்படியானால் ஒரு கிணற்று நீர் இனிக்கிறது, மற்றொன்று கரிக்கிறதே, ஏன்? மழைநீர் மண்ணிலும் பாறை இடுக்கிலும் இறங்குகிறது. போகும் வழியில் அங்குள்ள உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. கிணற்றில் ஊறும்போது அவற்றையும் சுமந்து வருகிறது. நாம் உணர்வது அந்த உப்புகளின் சுவையைத்தான்.

சுண்ணாம்புச் சத்து அதிகமாகக் கரைந்த நீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு எளிதில் வேகாது. இதைக் கடின நீர் என்கிறோம்.

கொதிக்க வைத்தால் போதுமா?

நீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தால் நோய்க் கிருமிகள் சாகின்றன. வயிற்றுப்போக்கு, காலரா போன்ற நோய்களிலிருந்து நம்மைக் காக்க இது நல்ல வழி.

ஆனால் கரைந்த உப்புகள்? குஜராத்தின் கட்ச் பகுதியில் உப்பு விளைவிப்பவர்களைப் பாருங்கள். நிலத்தடியிலிருந்து எடுத்த உப்பு நீரைப் பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலில் நீர் ஆவியாகிப் போகிறது. உப்பு பாத்தியில் தங்கிவிடுகிறது. அடுப்பில் வைத்த நீரிலும் இதுதான் நடக்கிறது. ஆவியாகப் போவது நீர் மட்டுமே.

நல்கொண்டா சொல்லும் பாடம்

சில பாறைகளில் ஃபுளூரைடு என்ற பொருள் இருக்கிறது. அதுவும் நிலத்தடி நீரில் கரையும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஆகவே, பார்ப்பதற்கு நீர் பளிங்குபோல் தெளிவாகவே இருக்கும்.

ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளூரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நல்ல நீர் கிடைக்காத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. ஒரு கிராமை ஆயிரம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குதான் ஒரு மில்லிகிராம். அளவு மிகச் சிறியது. ஆனால் அதற்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் துன்பம் பெரியது. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். பெரியவர்களுக்கு மூட்டுகள் இறுகும். நோய் முற்றினால் முதுகு வளைந்துவிடும். வளைந்த எலும்பை மருந்தால் நிமிர்த்த முடியாது.

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயை மருத்துவர்கள் ஆராய்ந்து, 1937ஆம் ஆண்டில் எழுதினார்கள். இன்று தெலங்கானாவில் உள்ள நல்கொண்டா மாவட்டத்தில் பல ஊர்கள் இந்த நோயால் மிகவும் வாடின.

ஃபுளூரைடு உள்ள நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது. நீர் வற்ற வற்ற, மீதி நீரில் அதன் செறிவு கூடும்.

அதை எப்படி நீக்குவது? நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் ஒரு வழி கண்டது. நீரில் அளவாகச் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துக் கலக்க வேண்டும். பஞ்சு போன்ற திரள்கள் உண்டாகும். அவை ஃபுளூரைடைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வடித்து எடுக்கலாம். இதற்கு நல்கொண்டா முறை என்றே பெயர். எவ்வளவு சேர்ப்பது என்பதை நீரைச் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். ஆகவே அளவு தெரியாமல் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

உங்கள் ஊரில் பல பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை இருக்கிறதா? நடுவயதிலேயே பலருக்கு மூட்டு இறுகுகிறதா? குடிக்கும் நீரைச் சோதிக்கச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். ஒவ்வொரு கிணற்றையும், ஒவ்வொரு அடிகுழாயையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரே தெருவில் ஒரு குழாய் நீர் நல்லதாகவும், மற்றொன்று கெட்டதாகவும் இருக்கலாம். கெட்ட நீரைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு, நல்ல நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தலாம். சுத்தமான கூரையிலிருந்து பிடித்து மூடி வைத்த மழைநீரில் ஃபுளூரைடு மிகக் குறைவு. அதைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடிக்கலாம்.

தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அல்ல. நீரில் கரைந்திருப்பதைக் கண் காட்டாது. சோதனைதான் காட்டும்.