"ஏன் 0 இல்லை?"

உத்தனப்பள்ளியிலிருந்து ஒசூருக்குச் சென்று தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். ஷிப்டு முடிந்ததும் மதுக்கடைக்குப் போகாமல் அவர் வீடு திரும்புவதில்லை. மனைவி அழுகிறார், தாய் திட்டுகிறார். "என் காசு, நான் குடிக்கிறேன்" என்கிறார் அவர். அறிவுரை கூடக் கூடப் பிடிவாதமும் கூடுகிறதே, ஏன்?

தன் சுதந்திரம் பறிபோவதாக எண்ணினால் மனம் எதிர்த்து நிற்கும். இதை 1966-ஆம் ஆண்டில் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலறிஞர் விளக்கினார். இந்த எதிர்ப்பைக் கிளறாமல் பேசும் முறை ஒன்றை வில்லியம் மில்லர் 1983-இல் வெளியிட்டார். 1991-இல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதை நூலாகவும் எழுதினார். நாம் இதனை 'ஊக்க உரையாடல்' எனலாம்.

இதன் அடிப்படை எளிது. மாறுவதற்கான காரணங்களை நாம் அடுக்கக் கூடாது. அவரே சொல்ல வேண்டும். "குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள்" என்று ஆலோசகர் கேட்கிறார். "3" என்கிறார் அவர். "ஏன் 10 இல்லை?" என்றால் சாக்குகள்தாம் வரும். "ஏன் 0 இல்லை?" என்று கேட்டால்? "பொண்ணு பத்தாவது படிக்கிறா, என்னைப் பார்த்தாலே ஒதுங்கிப் போறா" என்று காரணம் அவர் வாயிலிருந்தே வரும்!

எல்லாரிடமும் ஒரே மாதிரி பேசலாமா? கூடாது. பிடிவாதக்காரரிடம், "முடிவு உங்களுடையதுதான்" என்று சொல்ல வேண்டும். எதற்கும் தலையாட்டுபவரிடம், "எந்த நாளில், எப்படித் தொடங்குவீர்கள்?" என்று கேட்க வேண்டும். "என்னால் முடியாது" என்று சோர்பவருக்கு, முன்பு அவர் சாதித்த ஒன்றை நினைவூட்ட வேண்டும்.

இதனால் பயன் உண்டா? கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவு குடித்துவந்த 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மற்றப் பிரிவினருக்கு அதனுடன் இம்முறையைத் தழுவிய ஆலோசனையும் கிடைத்தது. ஆலோசனை கூறியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள்! மூன்று மாதங்களுக்குப் பின் அபாய அளவிலிருந்து மீண்டோர், முதற் பிரிவில் 26 சதவீதம். ஆலோசனை பெற்றோரில் 36 சதவீதம். 2017-இல் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டது. இது மந்திரமல்ல, ஆனால் நூற்றுக்குப் பத்துக் குடும்பம் என்பது சிறிதா?

மாணவ நண்பர்களே, ஓர் எச்சரிக்கை. மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் துணை அவசியம். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. வீட்டில் ஒருவர் குடிப்பதற்கு நீங்கள் பொறுப்பல்ல. நீங்கள் செய்து பார்க்க வேறு சோதனை இருக்கிறது. நீங்கள் மாற்ற விரும்பும் உங்கள் பழக்கம் ஒன்றுக்கு எண் கொடுங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: "ஏன் 0 இல்லை?"