ஈச்சஞ்சாறும் பழந்தின்னி வௌவாலும்

குளிர்காலம் வந்தால் ஹவுராவின் இனிப்புக் கடைகளில் புதுவெல்லம் மணக்கும். வங்காளியர் 'நோலேன் குர்' என்றழைக்கும் அவ்வெல்லம் ஈச்சமரச் சாற்றைக் காய்ச்சிச் செய்யப்படுவது. தமிழ்நாட்டில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வதை இது ஒக்கும். பனையில் பாளையைச் சீவுவர். ஈச்சையில் தண்டையே சீவுவர். மாலையில் கட்டிய கலயம் விடியலில் நிறைந்திருக்கும். சிலர் அச்சாற்றைக் காய்ச்சாமலே பருகுவர்.

இரவில் கலயத்தை நாடி வரும் விருந்தாளி ஒன்றுண்டு. அது பழந்தின்னி வௌவால். அது சாற்றை நக்கும்போது அதன் உமிழ்நீரும் சிறுநீரும் கலயத்தில் கலக்கின்றன. வௌவாலின் உடலில் தீங்கின்றி வாழும் நிபா என்னும் நச்சுயிரி, மனிதருக்கு மூளைக் காய்ச்சலை உண்டாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது.

இந்நோய் முதலில் அறியப்பட்டது மலேசியாவில். 1998, 1999ஆம் ஆண்டுகளில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர் பலர் காய்ச்சலால் மாண்டனர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசுமருந்து அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். ஆனால் அக்காய்ச்சல் பெரிதும் சிறுவரையே தாக்கும். இங்கு நோயுற்றோரோ பன்றிகளோடு பழகிய பெரியவர்கள், பன்றிகளும் இருமின. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்த பின்னரே உண்மை புலப்பட்டது. பண்ணையை ஒட்டிய பழமரங்களில் வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றிருந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. சுங்கை நிபா என்னும் ஊரின் பெயரே நோய்க்கு நிலைத்தது. பாவம், அவ்வூர்!

2001இல் மேற்கு வங்காளத்தின் சிலிகுரியில் 60க்கும் மேற்பட்டோர் இனந்தெரியாத காய்ச்சலுக்கு ஆளாயினர். மருத்துவமனைப் பணியாளரும் நோயாளிகளைக் காண வந்தோரும் அவர்களுள் மிகுதி. இந்திய ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் சேமித்து வைத்த மாதிரிகளைச் சோதித்து, அது நிபாவே என உலகுக்கு அறிவித்தது 2006இல்தான். 2007இல் நதியா மாவட்டத்தில் நோய் மீண்டும் தோன்றியது.

மருத்துவர் மட்டும் விடை காண இயலாத நோய் இது. கால்நடை மருத்துவரும் காடறிந்தோரும் உடன் வேண்டும். இவ்வணுகுமுறைக்கு 'ஒரே நலம்' என்று பெயர். உலக நலவாழ்வு அமைப்பு, உணவு வேளாண்மை அமைப்பு, உலக விலங்கு நல அமைப்பு ஆகிய மூன்றோடு ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டமும் 2022இல் இதற்காக முறைப்படி இணைந்தது.

வௌவால்களைக் கொன்றால் தீராதா எனச் சிலர் கேட்பர். மகரந்தத்தையும் விதையையும் பரப்பிக் காட்டை வளர்ப்பவை அவையே. வங்கதேசத்தில் வேறு வழி கண்டனர். சீவிய இடத்தையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மறைத்தனர். வௌவாலால் சாற்றை அணுக முடியவில்லை. நெடுநேரம் காய்ச்சும்போது நச்சுயிரி அழிந்துவிடுவதால், ஹவுராக் கடையில் விற்கும் வெல்லச் சந்தேஷை அச்சமின்றி உண்ணலாம்.