ரப்பர் பாலும் எண்ணெய்த் தண்ணீரும்

இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழைப் பக்கம் ரப்பர் வைத்திருக்கும் அன்பர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ரப்பர் பாலில் தண்ணீர் சேர்த்து, கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் விட்டு வைத்தால் மறுநாளைக்குள் உறைந்து கட்டியாகிவிடும். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் அனைத்தும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சேருவதில்லை. அமிலம் அந்த மின்னூட்டத்தைப் போக்கியதும் ஒட்டிக்கொள்கின்றன. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு போன்ற தொழிற்பேட்டைகளில் எண்ணெய்க் கழிவுநீரைத் தெளிய வைப்பதும் ஏறக்குறைய இதே வித்தைதான்.

எண்ணெய் தானாகவே மிதக்குமே, வழித்தெடுத்தால் போயிற்று என்று தோன்றும். பெரிய துளிகளுக்கு அது சரி. துளியின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் மேலே எழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். லேத்துப் பட்டறையின் வெள்ளைக் கூலன்ட், டீசல் என்ஜினைச் சோப்புப் போட்டுக் கழுவிய தண்ணீர் இவற்றில் துளிகள் சில மைக்ரான் அளவே. போதாததற்குச் சோப்பு ஒவ்வொரு துளிக்கும் ஓர் உறை போட்டுவிடுகிறது. நாள்கணக்கில் தொட்டியில் கிடந்தாலும் பால் போலவே நிற்கும். சிந்திய எண்ணெயின் மேல் சோப்புத்தூளைக் கொட்டிக் கழுவுகிறார்களே, எண்ணெய் கண்ணுக்கு மறைகிறதே தவிரப் போவதில்லை. பிரிப்பதுதான் இன்னும் கஷ்டமாகிறது. மரத்தூள் போட்டு அள்ளிவிடுவது எவ்வளவோ மேல்.

இந்தப் பாலை உடைக்கப் படிகாரம் உதவும். அதிலுள்ள அலுமினியத்துக்கு மூன்று நேர்மின்னூட்டம். கறியுப்பைவிடப் பன்மடங்கு வலிமை. தேவைப்பட்டால் முதலில் கந்தக அமிலம் விட்டுச் சோப்பை முறித்து, படிகாரம் கலந்து, சுண்ணாம்பால் புளிப்பைப் போக்கினால் எண்ணெய் திரிதிரியாகத் திரளும். அடியிலிருந்து நுண்ணிய காற்றுக் குமிழிகளை விட்டால் அவை மேலே தூக்கிவந்துவிடும். அளவு முக்கியம். படிகாரம் மிஞ்சினால் துளிகள் நேர்மின்னூட்டம் பெற்று மறுபடி விலகி நிற்கக்கூடும். ஆகையால் ஆறு குவளைகளில் ஆறு அளவு போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நேற்றைய அளவு இன்றைய தண்ணீருக்குப் பொருந்தாது.

ஆற்றில் விடும் நீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது சட்டம். கஞ்சிக்கோட்டுப் பக்கத்துக் கோரையாறு கல்பாத்திப் புழையில் சேர்ந்து பாரதப் புழைக்குப் போகிறது, வழிநெடுகக் கிணறுகள். வழித்தெடுத்த எண்ணெய்ச் சேறும் அபாயக் கழிவுதான். அதை அனுமதி பெற்ற இடத்துக்கு, உதாரணமாகக் கொச்சி அம்பலமேட்டுக்கு, அனுப்ப வேண்டும். செலவுக்குப் பயந்து பின்கட்டில் புதைத்தால், இடவப்பாதி மழையில் அதே எண்ணெய் மறுபடி ஆற்றுக்குத்தான் போகும்.